பச்சைக்கு ஏழாம் மாதம்

இரண்டு காரில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று கரட்டுப்பாளையத்து அங்கண்ணன் ஆனி மாதம் முழுக்க யோசித்தார், ஆடி மாதமும் யோசித்தார், யோசிக்க வசதியாக இருக்கட்டும் என்று இரண்டையும் கொப்பரைக் கொட்டகையில் பக்கம் பக்கமாக நிறுத்தி, சாரல் அடித்ததால் ஒரே தார்ப்பாயை இழுத்து மூடியும் வைத்தார், அதனால் புரட்டாசி பிறந்தபோது பச்சைக் கார் முழுகாமல் இருந்தது.

ஊர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட வேண்டியது அங்கண்ணனின் புத்தியைப் பார்த்துத்தான் என்று அவருடைய அக்கா பாவாத்தாள் சொன்னாள். "ஆடி மாசத்துல புதுசாக் கட்டிக்கிட்டதுகளையே நாம பிரிச்சு வெக்கறோம். இவன் பாரு, அதுபாட்டுக்குத் தனித்தனியா நின்னுட்டு இருந்ததுகளக் கொண்டாந்து ஒரே போர்வைக்குள்ள உட்டிருக்கறான். சித்திரைல பொறக்கும். ரேடியேட்டர் கொதிக்கற வெயில்ல அது என்ன பாடு படப்போகுதோ."

இரண்டும் சீமையில் பிறந்தவை. சிவப்பு எம்.ஜி.யைக் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன மேனேஜர் ஒருவரிடம் அங்கண்ணன் வாங்கினார். பச்சை ட்ரையம்ஃபைக் கல்யாணத்துக்குப் பிறகு, இன்னொரு தோட்டத்து ஏலத்தில் எடுத்தார். கூரைத் துணியை மடக்கிவிட்டு மலைப் பாதையில் சிவப்பை ஓட்டிக்கொண்டு போகும்போது அவருக்கு வயசு தெரியாது, வழி தெரியாது, பக்கத்தில் மனைவி மயிலாத்தாள் இருப்பதும் பாதி நேரம் தெரியாது. இரண்டு காரிலும் இரண்டிரண்டு இருக்கைதான். ஒரு கல்யாண வீட்டு வாசலில் யாரோ, "ரெண்டு பேர் இருக்கற ஊட்டுக்கு ரெண்டு சீட்டுப் போதுமுங்க" என்று சொன்னதை மயிலாத்தாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் காற்றுக்காக முக்காடு போட்டிருந்ததால், அவள் முகம் எப்படி இருந்தது என்று அங்கண்ணனுக்குத் தெரியாது. அதன் பிறகும் இருக்கைகள் இரண்டாகவே இருந்தன, ஆட்களும் இரண்டு பேராகவே இருந்தார்கள்.

இப்போது மயிலாத்தாளின் முழங்கால் படியேற மறுத்தது. கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம், லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு பார்த்தாயிற்று. மாசியில் குடிபோக வேண்டும். கொப்பரைக் களத்தையும் கொட்டகையையும் குத்தகைக்குப் பேசியாயிற்று. எல்லாம் சரி, அந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்குக் கார் நிறுத்த ஒரே ஓர் இடம்தான் கொடுப்பார்கள்.

அதனால்தான் யோசனை. காலையில் அங்கண்ணன் பச்சையை விற்றுவிடலாம் என்று எழுவார், காப்பி குடித்து முடிப்பதற்குள் சிவப்பை விற்றுவிடலாம் என்று தோன்றும், மத்தியானம் தூங்கி எழுந்தால் இரண்டும் வேண்டாம் நடந்தே போகலாம் என்று தோன்றும், சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், "ஏனுங்ணா, இன்னைக்கு எந்தக் கலருங்?" என்று கடைக்காரர் கேட்பார், அதற்குள் மறுபடி பச்சை ஆகியிருக்கும்.

பச்சையின் நிலைமையை முதலில் கண்டுபிடித்தது மயிலாத்தாள்தான், ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. காலையில் பெட்ரோலைக் கண்டாலே அது குமட்டியது, குடித்ததையும் கக்கியது. மத்தியானத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. புளியமரத்தடியில் நிறுத்தினால் மட்டும் நிம்மதியாக இருந்தது, இருக்கையில் உதிர்ந்து கிடந்த புளியங்காய்கள் விடிந்தால் காணாமல் போயின. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெண்களை அப்படிப் பார்த்தவள் அவள். ஆனால் பிள்ளை பெறாதவள் இதையெல்லாம் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் வந்து நீளமான பானட்டைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் தேங்காய் அளவில், ரப்பர் போன்ற மெல்லிய தோலுக்குள் ஏதோ ஒன்று தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அவர் சத்தமில்லாமல் பானட்டை இறக்கினார், கிரீஸ் கையைப் பின்பக்கம் துடைத்துக்கொண்டார், "இது நம்ம வேலை இல்லீங்க, நர்ஸம்மாவக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த கூலியைக்கூட வாங்காமல் கிளம்பினார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்தாள், பானட்டின் மேல் காது வைத்துக் கேட்கும் குழாயை அங்குமிங்கும் நகர்த்தினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மாசம் மூணாகுதுங்க. துடிப்பு நல்லாருக்கு. கொஞ்சம் வேகமா அடிக்குது, ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படித்தான் இருக்கும்."

"இரும்புச்சத்து மாத்திரை ஏதாச்சும் குடுப்பீங்களாங்?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

ஸ்டெல்லா காரை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். "அது ஒண்ணுக்குத்தாம்மா இதுகிட்டக் குறைச்சல் இல்ல."

அதற்கப்புறம் ஊர் தன் வேலையைத் தொடங்கியது. புள்ளத்தாச்சி வண்டி ஏறி இறங்கக்கூடாது என்று பஞ்சாயத்தில் பேசி, அங்கண்ணன் வீட்டு முன்னால் இருந்த வேகத்தடையைக் கொத்தி எடுத்தார்கள். புது வண்டிக்குப் பூஜை போடுபவர்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் சத்தம் பச்சைக்குக் கேட்கக்கூடாது என்று அடுத்த தெருவுக்குப் போய் நசுக்கினார்கள். ஐப்பசியில் கிரகணம் வந்தபோது கொட்டகைக் கதவைச் சாத்தி, இடுக்கில் எல்லாம் சாக்குத் துணி அடைத்தார்கள். பிறக்கிறது நல்ல நிறமாக இருக்கட்டும் என்று ஒருத்தி பெட்ரோலில் குங்குமப்பூ கரைத்து ஊற்றச் சொன்னாள். "எந்த நிறமுங்க, அப்பன் நிறமா ஆத்தா நிறமா, அதச் சொல்லுங்க முதல்ல" என்று இன்னொருத்தி மடக்கினாள். பஞ்சாயத்துத் தலைவரின் ஜீப் ஒரு நாள் கொட்டகை நிழலில் நின்றிருந்ததை யாரோ நினைவுபடுத்தப்போக, தலைவர் நேரில் வந்து, அன்றைக்கு ஜீப்புக்குப் பேட்டரியே இல்லை என்று கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுச் சொன்னார். சிவப்பு மறுக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன் பானட்டில் தட்டி, "கமுக்கமா இருந்துட்டு என்ன காரியம் பண்ணிப்போட்ட, மாப்ள" என்று கேட்டார்கள். அது முன்பு போல மலைப் பக்கம் போக ஒப்பவில்லை. ஊர் எல்லை தாண்டினால் இருமியது, திருப்பி விட்டால் அம்பு மாதிரி வீட்டுக்கு ஓடி வந்தது.

மத்தியானம் ஆனால் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள்: ஒருத்தி மாவடு, ஒருத்தி நார்த்தங்காய் ஊறுகாய், ஒருத்தி சின்னதாகத் தைத்த தார்ப்பாய்த் துணி. வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மயிலாத்தாளைக் கேட்டார்கள். ராத்திரி நல்லாத் தூங்குச்சாங்கக்கா? இன்னும் கக்குதுங்களா? இடப்பக்கமா சாஞ்சு நிக்குதே, அப்படி நின்னா என்னங்கக்கா அர்த்தம்? மயிலாத்தாள் பதில் சொன்னாள். முதல் வாரம் தயங்கிச் சொன்னாள், அப்புறம் விவரமாகச் சொன்னாள், கார்த்திகை வந்தபோது யாராவது தப்பாகச் சொன்னால் திருத்தவும் செய்தாள்.

இத்தனை வருஷத்தில் உறவில் எந்த வளைகாப்புக்குப் போனாலும் அவள் நேரே அடுப்படிக்குத்தான் போவாள். யாரும் அனுப்பியதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தால், வளையல் போட ஒவ்வொருத்தராகக் கூப்பிடும்போது தன்னைக் கூப்பிடவும் முடியாமல் விடவும் முடியாமல் அந்த வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். அந்தச் சங்கடத்தை யாருக்கும் வைக்கக்கூடாது என்று, கூப்பிடும் நேரத்தில் அவள் கை எப்போதும் புளிக்கரைசலிலோ மாவிலோ இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். எல்லோரும் அவளுடைய கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். அது நிஜமான பக்குவம்தான்.

மார்கழி முடியும்போது டீக்கடையில் சட்டம் பேசினார்கள். சிவப்பை விற்றால் பிள்ளைக்கு அப்பன் இல்லாமல் போய்விடும். பச்சையை விற்றால், புள்ளத்தாச்சியை விற்ற பாவம் ஏழு தலைமுறைக்கு வரும். "அவருக்கு ஏதுங்க ஏழு தலைமுறை?" என்று ஒருவர் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அங்கண்ணனுக்கு என்னவோ பெரிய நிம்மதி; எதையுமே விற்க முடியாது என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டதே! ஆனால் மாசி நெருங்கியது. குத்தகைக்காரர் கொட்டகையை அளந்துவிட்டுப் போனார். கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கி விற்கும் கடைக்காரருக்கு, தை மாதம் ஆள் அனுப்புங்கள், இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன் என்று அங்கண்ணன் ஆனியிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாக்குத் தவறியவர் இல்லை. எந்த ஒன்று என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மயிலாத்தாள் கார் விஷயத்தில் கணவருக்கு ஒருநாளும் யோசனை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் பச்சை போய்விட்டால் அதோடு மத்தியானங்களும் போய்விடும், அக்கா அக்கா என்று கேட்கும் குரல்களும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைவிட, அதற்குள் துடிப்பது எங்கே யார் வீட்டில் எந்தக் கொட்டகையில் கண் விழிக்கும் என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பச்சையை விற்கக்கூடாது. இந்த ஒரு வாக்கியம் நாள் முழுக்க அவள் வாய்க்குள் இருந்தது, வெற்றிலையை அதக்கி வைப்பது போல அதை அதக்கி வைத்திருந்தாள்.

தையில் ஏழாம் மாதம். பாவாத்தாள் நாள் குறித்தாள்.

அன்றைக்குக் கொட்டகை கொள்ளாத கூட்டம். பச்சையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கம்பிச் சக்கரத்துக்கெல்லாம் பூச்சுற்றி, முகப்பு விளக்குக்கு மேலே திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். பானட் மூடாமல் மேடாக நின்றது. அதன் மேல் பட்டுத் துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். தாம்பாளத்தில் கண்ணாடி வளையல்கள் அடுக்கியானதும், மயிலாத்தாள் பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்கு நடந்தாள். நாத்தனார் பாவாத்தாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் மயிலா, எங்க போற?"

"சோத்துப் பானைய இறக்கி வெச்சுட்டு வந்தர்றனுங் நங்கையா."

"ஊர்ல இருக்கற பானையெல்லாம் நீதான் இறக்கோணுமா? மாமியாகாரி அடுப்படில நின்னா, இங்க வளையல நானா போடுவேன்? வா. முத வளையல் உன்றதுதான்."

பாவாத்தாள் நாலு பெற்றவள். அந்த நாலு பேருக்கும் வளைகாப்பு, சீர் என்று எத்தனையோ முறை மயிலாத்தாளை அடுப்படியிலேயே விட்டுவைத்தவள். அவள் இதைச் சொன்னபோது யாரையும் பார்க்காமல், தாம்பாளத்தில் நேராக இருந்த வளையல்களை மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் ஒரு பச்சை வளையலை எடுத்துக் கியர் கம்பியில் மாட்டினாள். அது கிணிகிணியென்று அடித்துக்கொண்டே இறங்கியது. அதற்குப் பிறகு ஓரக்கண்ணாடியில், ஸ்டியரிங்கில், துடைப்பான் குச்சியில் என்று எல்லோரும் போட்டார்கள். சிவப்பு தூரத்தில் வேப்ப மரத்தடியில், இந்த மாதிரி நாளில் ஆண்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்பது போல நின்றது. அதன் பக்கத்தில் அங்கண்ணனும் அப்படியே நின்றார்.

ஒரு குறைதான். கொங்கு நாட்டு வழக்கப்படி ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டார் புளிசோறு, தயிர்சோறு என்று பல தினுசு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும். அதை எல்லோரும் உண்ட பிறகு, பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பிறந்து ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட வேண்டும். சோறு கொண்டுவந்தவர்கள் பெண் இல்லாமல் திரும்பக்கூடாது, பெண்ணை அனுப்பாமல் அந்தச் சோற்றை உண்ணவும் கூடாது. பச்சைக்குப் பிறந்த வீடு சீமையில் இருக்கிறது. அங்கிருந்து யார் புளிசோறு கட்டிக்கொண்டு வருவார்கள்?

அந்த நேரத்தில்தான் நவநீதன் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பெரிய பையோடு வாசலில் வந்து நின்றான். கோயம்புத்தூர்க் கடைக்காரர் அனுப்பிய ஆள். தறி ஓட்டும் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு காராவது கொண்டுவராமல் திரும்பாதே என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். பெயின்ட்டுக்கு அடியில் தகரமா பட்டியா என்று பார்க்கச் சட்டைப்பையில் காந்தம் வைத்திருந்தான். வயிறும் பூவுமாக நிற்கும் காரைப் பார்த்ததும், அதன் மேல் காந்தம் வைக்கலாமா, யாரிடம் அனுமதி கேட்பது என்றுதான் முதலில் கவலைப்பட்டான்.

"யாருங் தம்பி?" என்றாள் பாவாத்தாள்.

"காருக்காக வந்தேனுங்க. கோயம்புத்தூர்ல இருந்து."

"பையில என்ன?"

"சோறுங்க. பெரிய வீட்டுக்கு வெறுங்கையோட போகாதன்னு எங்கம்மா கட்டிக் குடுத்தாங்க." எல்லோரும் பையையே பார்த்ததால், ஏதோ குறை வைத்துவிட்டோம் போல என்று பயந்து, அவன் தூக்குப்போசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திறந்து காட்டினான். "இது புளிசோறுங்க. இது எலுமிச்சஞ்சோறு. இது தேங்காய்ச்சோறு, இது தயிர்சோறு. இதுல பருப்பு போளி இருக்குதுங்க."

கொட்டகையில் பெண்கள் போசிகளை விரல் விட்டு எண்ணினார்கள். பிறகு குலவைச் சத்தம் எழுந்தது.

அவன் சொல்ல வந்த எதையும் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவனை உட்காரவைத்து, இலை போட்டு, சம்பந்தி வீட்டு உபசாரம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சோற்றிலும் ஒரு கவளம் எடுத்துப் பச்சையின் முன்பலகையில் வைத்தார்கள். "புளிசோத்துல கடலை நல்லா வறுபட்டிருக்குது, நல்ல குடும்பம்" என்று பாவாத்தாள் சான்றிதழ் கொடுத்தாள். எல்லோரும் உண்டார்கள். உண்டு முடித்துக் கை கழுவும்போதுதான் நவநீதனுக்குத் தான் யார் என்று புரிந்தது.

"ஐயா, நான் ஒரு காரை விலைக்கு வாங்கிட்டுப் போக வந்தவனுங்க" என்று அங்கண்ணனிடம் மெதுவாகச் சொன்னான்.

"அதுதான் தம்பி, எல்லாம் தானா முடிஞ்சுபோச்சே!" அங்கண்ணனுக்கு வாயெல்லாம் பல். "சோறு உண்டாச்சு, பச்சைய அனுப்பித்தான் ஆகோணும். நான் யோசிக்கவே வேண்டியதில்ல பாரு."

மயிலாத்தாள் வழியனுப்பும் தாம்பாளத்தோடு வந்து நின்றாள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் இருந்தன.

"கண்ணு, எங்க கொண்டுபோய் நிறுத்துவே?"

"கடையிலதாங்கம்மா."

"அங்கிருந்து ஐஞ்சாம் மாசம் கொண்டாந்து உடுவியா?"

நவநீதன் உடுவேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கார் கையில், வேலையும் கையில். அவன் காந்தத்தைச் சட்டைப்பைக்குள் புரட்டிக்கொண்டே நின்றான். "இல்லீங்கம்மா. கடைல நின்னா வர்றவங்க பாப்பாங்க. புடிச்சிருந்தா வாங்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க."

உண்ட சோற்றுக்குப் பெண்ணை அனுப்பாமல் இருக்க முடியாது. அனுப்பினால் அது விற்றதாகும். மயிலாத்தாள் தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. அவள் வாய்க்குள் இருந்த வாக்கியம் அப்போதும் வெளியே வரவில்லை, ஆனால் இன்றைக்கு அவள் தலையில் முக்காடு இல்லை, காற்றும் இல்லை; அங்கண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி," என்றார். "விலைக்குச் செவப்ப எடுத்துக்க."

டீக்கடைக்காரர் கையில் இருந்த போளியைக் கீழே வைத்தார். "அண்ணா, நெசமாத்தானுங்? சாயங்காலத்துக்குள்ள மாறாதுங்ளே?"

"மாறாது. பச்சை பொறந்த ஊட்டுக்குப் போகட்டும். கடைக்கு வேண்டாம், இந்தத் தம்பி ஊட்டுக்கே போகட்டும். சோறு கட்டுனது அவங்கதான."

நவநீதனுக்கு ஒரு கவலை போய் இன்னொன்று வந்தது. அவர்கள் வீடு சோமனூரில் தறிக்குடோனை ஒட்டிய வரிசை வீடு. வாசலில் ஒரு சைக்கிள் நிறுத்தினால் மறு சைக்கிளுக்கு இடமில்லை. அம்மாவைக் கேட்காமல் சொல்ல முடியாது என்று போன் போட்டான். தறிச் சத்தத்துக்கு நடுவே அவன் அம்மா ருக்குமணியின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. அவன் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனாம் மாசம்?"

"ஏழும்மா. ஆனா நம்ம வாசல்ல..."

"வாசல் கெடக்குது. ஓனர்கிட்டச் சொல்லிப் பாவு நூல் வெக்கற ரூம ஒழிச்சுக்கலாம். நீ பல்லடம் வழியா வராத, ரோடு தோண்டிப் போட்டிருக்கறான். சூலூர் சுத்தி மெதுவா வா. ஏன்டா, தறிச் சத்தம் அதுக்கு ஒத்துக்குமான்னு கேளு."

மயிலாத்தாள் போனை வாங்கினாள். "ஒத்துக்குமுங்க. சத்தம் பழகுனதுதானுங்க. காலைல மட்டும் பெட்ரோல் குடுக்காதீங்க, மத்தியானமாக் குடுங்க. இடப்பக்கமாச் சாஞ்சு நின்னா பயந்துக்காதீங்க."

"சரிங்க. நல்லபடியாக் கொண்டாந்து உடறனுங்க. எனக்கும் பொட்டப்புள்ள இல்லீங்க, இவன் ஒருத்தந்தான். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, ஆனாப் பொய் சொல்ல மாட்டானுங்க."

"பாத்தனுங்க" என்றாள் மயிலாத்தாள்.

வெயில் தாழும் முன் பச்சை கிளம்பியது. வளையல்கள் குலுங்க, வேகத்தடை இருந்த இடத்தையும் மெதுவாகவே கடந்து போனது. மறுநாள் நவநீதன் சிவப்புக்கு வந்தபோது, அங்கண்ணன் விடிந்ததிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அது போன பிறகு மயிலாத்தாள் கேட்டாள்:

"ஏனுங், செவப்பு மேல அத்தன உசுரு. எதுக்குங் அதக் குடுத்தீங்க?"

"இடுப்பு வலி புள்ள. பச்சைலதான் சீட்டு மெத்துன்னு இருக்கும்."

கல்யாணமான நாள்முதல் அவர் இடுப்பு வலி என்று ஒரு தரமும் சொன்னதில்லை. மயிலாத்தாள் சரி என்றாள், ராத்திரிக்கு வெந்நீர் வைத்துத் தருவதாகவும் சொன்னாள்.

மாசியில் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். கீழே அவர்களுக்கு ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தது. மயிலாத்தாள் லிஃப்டில் இறங்கி வந்து தினமும் அதில் கோலம் போட்டாள். விருந்தாளி வண்டியை நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டவர்களிடம், "எங்க சொந்தத்துல ஒறம்பரை வருதுங்க" என்று சொன்னாள். சித்திரையில் சோமனூரிலிருந்து போன் வந்தது. பிறந்த நேரத்தில் அந்த வரிசையில் அத்தனை தறியையும் நிறுத்தினார்களாம். சக்கரம் நாலும் குரும்பை மாதிரி மெத்தென்று இருக்கிறதாம். நிறம் அப்பன் மாதிரியும் இல்லை ஆத்தா மாதிரியும் இல்லை, பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்கும் பிரைமர் மாதிரிச் சாம்பலாக இருக்கிறதாம். "பொறந்ததுமே எந்தப் புள்ளைக்குங்க நெறம் தெரியுது?" என்றாள் ருக்குமணி. சிவப்பு கடையில் விலை போகவில்லை. ஓட்டிப் பார்க்க யார் எடுத்தாலும், எந்த முக்கில் எப்படித் திருப்பினாலும், அது சோமனூர் ரோட்டில் போய்ப் பாவு ரூம் வாசலில்தான் நின்றது. கடைக்காரர் தலையில் கை வைத்தார். நவநீதன் யோசித்து, அதன் கண்ணாடியில் ஓர் அட்டை எழுதி வைத்தான்: இந்த வண்டி சோமனூருக்கு மட்டும் போகும். அடுத்த வாரமே ஆள் வந்தது. சோமனூரில் அம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்வரும் பெண், பெயர் ஹேமலதா, புருஷனோடு வந்து வாங்கிக்கொண்டு போனாள். அவர்கள் குடியிருந்தது அதே அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. அவர்களுக்குக் கார் நிறுத்த ஒதுக்கிய இடம் மயிலாத்தாளின் கோலத்துக்கு அடுத்தது.

ஆவணியில், ஐந்தாம் மாதம், பச்சை வந்தது. நவநீதன் ஓட்ட, ருக்குமணி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பின்னாலேயே சாம்பல் நிறத்தில் ஒன்று தள்ளாடித் தள்ளாடி, கேட்டருகே ஒரு பூந்தொட்டியை முட்டிவிட்டு வந்தது. மாடி மாடியாக எல்லோரும் இறங்கி வந்தார்கள். வாட்ச்மேன் மட்டும் கையை நீட்டினார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு வண்டிதாம்மா. சங்கத்து ரூல்ஸ்."

"ஏனுங், பஸ்ஸுல கைக்குழந்தைக்கு டிக்கெட் கேப்பீங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டாள். இப்படிக் கேட்கக் கரட்டுப்பாளையத்துப் பெண்கள்தான் அவளுக்குப் பழக்கியிருக்க வேண்டும். வாட்ச்மேன் யோசித்தார், பஸ் எல்லாம் நினைத்துப் பார்த்தார், கையை இறக்கினார். அவள் ஆரத்தி சுற்றினாள். பச்சை கோலத்தின் மேல் நின்றது, அதன் முன்சக்கரத்தை ஒட்டிச் சின்னது சுருண்டுகொண்டது. பக்கத்து இடத்தில் சிவப்பு, யாரும் ஏற்றாமலே முகப்பு விளக்கை ஒரு தரம் ஏற்றி அணைத்தது. அங்கண்ணன் வேறெங்கோ பார்ப்பவர் போல் நின்று மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் ஹேமலதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை எனக்கு வளைகாப்பு. முதல் வளையல் நீங்கதான் போடணும்னு அம்மா சொல்லிட்டாங்க. உங்க கை ராசியான கையாம்."

மயிலாத்தாள் தன் கையைப் பார்த்தாள். மாவோ புளியோ இல்லை, காய்ந்துதான் இருந்தது. "வர்றேன் கண்ணு" என்றாள். சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஹேமலதாவை உட்காரவைத்து, அவளுக்கு நேரே தானும் உட்கார்ந்தாள்.

வெளியே மழை பிடித்தது. கீழே ஏதோ பெரிதாகச் சரசரக்கும் சத்தம் கேட்க, ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் நல்ல மனசோடு, எங்கிருந்தோ ஒரு பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து, பச்சைக்கும் சிவப்புக்கும் சேர்த்து ஒன்றாக விரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்!" மயிலாத்தாள் முழங்காலை மறந்து எழுந்து உள்ளே பார்த்துக் கத்தினாள். "சீக்கிரமா ஓடுங்! தனித்தனியாப் போடச் சொல்லுங்!"